வெள்ளிக்கிழமை ராத்திரி பிவோ: தாத்தாவின் கேசட்டுகளை என்ன செய்வது?

வைசியாள்வீதி_பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை, 2024 மே 6, பிரான்சில் பெர்னார் பிவோ என்ற டிவிக்காரர் இறந்துபோனார். முந்தின நாள்தான் அவருக்கு 89 வயது நிறைந்தது. புதுச்சேரியிலேயே பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரியில் எழுத்தாளர்களை வட்டமாக உட்கார வைத்துப் புத்தகம் பற்றிப் பேசுகிற 'அப்பொஸ்த்ரோஃப்' நிகழ்ச்சியை 1975-லிருந்து 1990 வரை நடத்தியவர். அப்புறம் 2001 வரை 'புய்யோன் த குல்த்துயூர்' என்று இன்னொன்று. அவ்வளவுதான். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, பரிசுப் பணம் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார், கையில் இருக்கிற புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்பார்.

எனக்கு பிரெஞ்சு தெரியாது. அதுதான் இதில் வேடிக்கை. எங்கள் அம்மாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். வியட்நாமில் சைகோன், அப்புறம் அல்ஜீரியா, அப்புறம் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். அப்பா தமிழ்நாட்டுக்காரர், அதனால் நாங்கள் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கவில்லை, தமிழ்ப் பள்ளிக்கூடம்தான். பாரிசில் இருந்த மாமா, அப்பொஸ்த்ரோஃப் நிகழ்ச்சியை டிவியிலிருந்து வீடியோ கேசட்டில் பதிவு செய்து, ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார். கேசட் வந்து சேர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். வந்த அன்றே போட மாட்டார் தாத்தா. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருப்பார். சரியாக ராத்திரி ஒன்பதரைக்குக் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு (வீட்டில் மற்ற நேரமெல்லாம் வெறும் பனியன்தான்), டெக்கில் கேசட்டைத் தள்ளுவார். பாரிசில் வெள்ளிக்கிழமை ராத்திரி பார்க்கிறார்களாம், அதனால் இவரும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பார்ப்பாராம். மூன்று மாதப் பழசு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நான் தாத்தா பக்கத்தில் பாயில் படுத்திருப்பேன். எட்டு வயசு, ஒன்பது வயசு இருக்கும். அவர் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். "இந்த ஆளு பொய் சொல்றான், பிவோவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இப்ப பாரு எப்படிக் கேப்பாருன்னு." "இந்தம்மா புருஷனைப் பத்தி எழுதியிருக்குது, புருஷன் பக்கத்துலயே உக்காந்திருக்கான்." இதில் எவ்வளவு அங்கே உண்மையிலேயே பேசினார்கள், எவ்வளவு தாத்தா சேர்த்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. எனக்கு பிவோ என்றால் தாத்தாவின் குரல்தான்.

தாத்தா 2003-ல் போனார். செய்தி வந்த அன்றைக்கு போனில் பிவோவின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டேன். கலரில் இருந்தது. அவர் போட்டிருந்தது பழுப்பு நிறக் கோட்டு. எங்கள் வீட்டு டிவி கலர் டிவிதான், ஆனாலும் இந்த கேசட்டுகள் மட்டும் எப்போதும் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும், இந்த நிகழ்ச்சியே கறுப்பு வெள்ளை போலிருக்கிறது என்று நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் நின்றுகொண்டு அழுகிறேன். வீட்டுக்காரர் "யாரோ வெள்ளைக்காரன் செத்ததுக்கா இவ்ளோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இப்போது கேள்வி. பரணில் 31 கேசட் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது ஓடு பறந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அட்டைப்பெட்டி நனைந்தது. அப்புறம் வெயிலில் காய வைத்து மறுபடியும் மேலே ஏற்றினோம், அதோடு சரி. நேற்று இறக்கிப் பார்த்தேன். சிலதில் ஜன்னல் மாதிரி இருக்கிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா? மாற்றி என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. நேரில் பார்த்தே இராத ஒரு மனிதருக்கு இப்படி அழுதவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

இன்னொன்று. நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது தடதடவென்று ஒரு பியானோ வரும், தாத்தா குளிக்கும்போதுகூட அதையேதான் முணுமுணுப்பார். அது என்ன இசை என்று யாருக்காவது தெரியுமா?


மஞ்சக்குப்பம்_வீடியோ:

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூத்த கேசட் எதையும் தயவு செய்து டெக்கில் போட்டுவிடாதீர்கள். ஒன்றே ஒன்றைப் போட்டால்கூட அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டிலும் ஏறிவிடும். ரீவைண்டும் செய்யாதீர்கள், நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள் (ஒரு தடவை வைத்துவிட்டீர்கள், போகட்டும், கத்திரி வெயிலில் மறுபடி வேண்டாம்). பூத்தது தனியாக, பூக்காதது தனியாகப் பிரித்து, காற்றாடுகிற நிழலில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம்.

நான் கடலூரில் 1986-லிருந்து கல்யாண வீடியோ எடுத்தவன். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான், ட்ரோன் விடுகிறான், நான் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நம் கடலோரத்து ஈரத்துக்கு கேசட் பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேசட்டின் அடி ஓட்டில் ஐந்து ஸ்க்ரூ, கழற்றிப் பிரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியில் நாடாவை மெதுவாக ஓட்டித் துடைக்கலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் முடியாதது இல்லை. ஓடு உடைந்திருந்தால் வேறு நல்ல கேசட்டின் ஓட்டுக்கு மாற்றிவிடலாம்.

அப்புறம் அந்தக் கறுப்பு வெள்ளைக் கதை. படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தாத்தா கேசட்டில் கலர் இருக்கிறது! எப்போதும் இருந்தது. பிரான்சில் டிவிக்கு செக்காம் என்று ஒரு முறை. நம் ஊரில் பால் என்று ஒரு முறை. கறக்கிற பால் இல்லை, இது வேறு. இரண்டிலும் படத்துக்கு 625 கோடுதான், வேகமும் ஒன்றுதான், அதனால் படம் அசையாமல் நிற்கும். கலரை ஏற்றுகிற விதம் மட்டும் வேறு. அங்கே பதிவு செய்த கேசட்டை இங்கே இருக்கிற டெக்கில் போட்டால் அதற்குப் படம் புரியும், கலர் புரியாது. வெளிநாட்டிலிருந்து கேசட் கொண்டுவந்து கொடுத்து "ஏன்பா என் தங்கச்சி கல்யாணம் கறுப்பு வெள்ளையா ஓடுது" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அதனால் மாற்றும்போது செக்காம் படிக்கிற டெக்காகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பல ஊர் முறையும் படிக்கும் என்று சொல்லி விற்ற டெக்குகளில் நிறையது அரபு நாட்டுப் பக்கத்து செக்காமைத்தான் படிக்கும், பிரெஞ்சு கேசட்டுக்கு அதிலும் கலர் வராது. கடைக்காரர் "எல்லாம் வரும் மேடம்" என்பார். ஒரு கேசட்டை மட்டும் கொடுத்து, கலர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு. 1994-ல் கொழும்பில் கே.எஸ்.ராஜாவைக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எங்கள் அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர், எங்கள் வீட்டில் யாரும் அவரை நேரில் பார்த்தது கிடையாது. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார், அப்பா திண்ணையில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ரேடியோ ஓடவில்லை. அழுவதில் தப்பே இல்லைம்மா.


முத்தியால்பேட்டை_குசும்பன்:

மன்னிக்கணும், எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது நான் ஒருத்தன் உப்பைப் போடுகிறேன்.

பிவோ பெரிய ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் பிரெஞ்சு என்றால் யாருக்கு? சொல்தா வீடுகளுக்கு. மாசம் பிறந்தால் பிராங்க், அப்புறம் யூரோ. எங்கள் தாத்தா பஞ்சாலையில் நெய்தவர், அவருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஷிஃப்ட். ஜூலை 14 அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் மெடலைக் குத்திக்கொண்டு அணிவகுப்பார்கள், நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். பாரிஸ் எழுத்தாளர்கள் பேசுகிறதை இங்கே வைசியாள் வீதியில் உட்கார்ந்து கேட்டது பற்றி எனக்குக் கோபம் கிடையாது, ஆனால் "புதுச்சேரியின் நினைவு" மாதிரி இதைப் பேச ஆரம்பித்துவிடாதீர்கள்.

ராத்திரி டிவிக்காரருக்கு அழ வேண்டும் என்றால் நான் டாக்டர் மாத்ருபூதத்துக்கு அழுவேன். விஜய் டிவியில் 'புதிரா புனிதமா'. மனநல மருத்துவர், பக்கத்தில் நடிகை ஷர்மிலி கேள்வியைப் படிப்பார், இவர் தாத்தா மாதிரி சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஊரே சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தது, காலையில் யாரும் பார்க்கவில்லை. எனக்கு அப்போது இருபது வயசு. எங்கள் வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை, யாரையும் அசிங்கப்படுத்தாமல், எழுதிக் கேட்டவனைக் கேலி செய்யாமல் அந்த மனிதர் பேசினார். அவர் போன பிறகு, என்னோடு படித்தவன் ஒருவன், அவனும் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவன்தான், டீக்கடையில் மெதுவாக "நம்ம டாக்டர் போயிட்டாருடா" என்றான். நம்ம டாக்டராம். அதுவரைக்கும் இரண்டு பேருமே பார்க்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரியாது.

சரி, எழுதி முடித்ததும் என் கோபம் பாதி போய்விட்டது. கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.


சார்சேல்_சித்தப்பா:

குசும்பன் தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நான் 1983-ல் பிரான்சுக்கு வந்தவன். காகிதப்படி பிரெஞ்சுக்காரன், வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வராது. பாரிசில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஒரே ரூமில் நாலு பேர், ஒரு பழைய டிவி. மற்ற மூன்று பேரும் வேலைக்குப் போன பிறகு நான் தனியாக அப்பொஸ்த்ரோஃப் பார்ப்பேன். ஏன் பார்த்தேன்? அந்த ஆள் பேசுவது எனக்குப் புரிந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கிற பேராசிரியர்கள் பேசினால் ஒரு மண்ணும் புரியாது, இவர் கேட்கிற கேள்வி மட்டும் புரியும். "இதை ஏன் எழுதினீர்கள்? இது உங்கள் அப்பாவா? இந்த இடம் எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்" என்கிற மாதிரி கேட்பார். புரியவில்லை என்று டிவியில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெரிய மனிதர் கூச்சமே இல்லாமல் சொல்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆறுதல். லியோனில் மளிகைக்கடை வைத்திருந்தவர்களின் பிள்ளை அவர். எழுத்தாளர் வேஷம் போடாமல், கடைசி வரை தன்னைப் பத்திரிகைக்காரர், புத்தகம் படிக்கிறவர் என்றுதான் வைத்துக்கொண்டார்.

மோதியானோ என்று ஓர் எழுத்தாளர், 2014-ல் நோபல் வாங்கினாரே அவர்தான், இந்த நிகழ்ச்சிக்கு வருவார். ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், நிற்பார், கையை ஆட்டுவார், வேறு வாக்கியத்துக்குப் போவார், அதுவும் முடியாது. பிவோ காத்திருப்பார். வேறு ஆளாக இருந்தால் அடுத்தவரிடம் போயிருப்பார்கள். எனக்கு அப்போது மோதியானோ யார் என்றே தெரியாது. ஆனால் பிரெஞ்சுக்காரனுக்கே பிரெஞ்சு வராமல் திக்குகிறது, அதற்காக யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய் முதல் தடவையாக சமையல்காரனிடம் ஒரு முழு வாக்கியம் பேசினேன். தப்பாகத்தான்.

சனிக்கிழமை காலையில் புத்தகக் கடைகளில் முந்தின ராத்திரி பிவோ காட்டிய புத்தகத்தை முன்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். என் மாதிரி ஆட்களும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம். வாங்கக் காசு இருக்காது.

பேத்தி கேட்ட இசை ராக்மானினாஃபுடையது, முதலாவது பியானோ கான்செர்ட்டோவின் ஆரம்பம். தாத்தா அதை முணுமுணுத்தே குளித்தார் என்றால் நல்ல மூச்சுப் பிடிப்பு இருந்திருக்கிறது!

நிகழ்ச்சிகள் தொலைந்துபோகவில்லை அம்மா. இங்கே இனா என்று தேசிய ஒலி ஒளிக் காப்பகம் இருக்கிறது, அப்பொஸ்த்ரோஃப் மொத்தம் 724, அதில் நிறையது அவர்களிடம் பார்க்கக் கிடைக்கிறது. கேசட் பூத்துப்போனாலும் பிவோ பூக்கவில்லை. எந்த எந்த நிகழ்ச்சி உங்களிடம் இருக்கிறது, ஸ்டிக்கரில் ஏதாவது எழுதியிருக்கிறதா?


நோணாங்குப்பம்_படகு:

எங்கள் வீட்டில் பாட்டி பார்த்த சீரியல் வில்லி இறந்ததற்கு பாட்டி தலை முழுகினார். நெஜமா.


ஓய்வுபெற்ற_மிசியே:

முப்பத்தி நான்கு வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

பிவோவைப் பற்றிப் பேசும்போது திக்தேயை விட்டுவிட்டீர்கள். சொல்வதை எழுதுதல். 1985-ல் அவர் தொடங்கிய எழுத்துப்பிழைப் போட்டி இருபது வருடம் நடந்தது. நாடு முழுக்க ஆட்கள் பேனாவோடு உட்கார்ந்து, டிவியில் அவர் நிறுத்தி நிறுத்திப் படிப்பதை எழுதுவார்கள். 1992-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபையின் மண்டபத்திலேயே நடத்தினார். நாடுகள் சண்டை போடுகிற இடத்தில் ஆட்களை உட்கார வைத்து ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று யோசிக்க விட்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். போர்க்காலத்தில் சிறுவனாக இருந்தபோது கையில் கிடைத்த சில புத்தகங்களில் ஒன்று லாரூஸ் அகராதி, அதையே கதைப்புத்தகம் மாதிரி படித்தவர். பின்னால் கோன்கூர் என்ற பெரிய பிரெஞ்சு இலக்கியப் பரிசைக் கொடுக்கும் அகாதெமியில் உறுப்பினராகி, 2014 முதல் 2019 வரை தலைவராகவும் இருந்தார். நாவலாசிரியர்களின் சபைக்கு ஒரு வாசகர் தலைவர்.

நான் வகுப்பில் பிவோவின் திக்தே ஒன்றை வைத்தேன், ஒரே ஒரு தடவை. பையன்கள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அதில் எனக்கே நான்கு தப்பு வந்தது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

குசும்பன் அவர்களுக்கு: கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே விளையாட்டைத் தமிழில் வைத்துப் பாருங்களேன். ரகரம் றகரம், மூன்று னகரம், மூன்று லகரம், எங்கே ஒற்று மிகும் எங்கே மிகாது. பஞ்சாலைக்காரர் பேரனும் சொல்தா பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து திணறலாம். நான் படிக்கத் தயார்.


வைசியாள்வீதி_பேத்தி:

இரண்டு நாளாக பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். எல்லாவற்றையும் படித்தேன், வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். செக்காம் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அழுததை அவர் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

குசும்பன் அண்ணா, தாத்தா அதிகாரி எல்லாம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பட்டாளத்துக்குப் போய், கப்ராலாகத் திரும்பி வந்தவர். பெருமை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், மெடலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். ஆனால் அவர் பிவோ முன்னால் மெடல் குத்திக்கொண்டு உட்காரவில்லை. மிசியே சொன்ன திக்தேயை எழுதுவார். மாமா அனுப்பிய கேசட்டில்தான். நிறுத்தி நிறுத்தி எழுதலாமே என்றால் கூடாதாம், பிவோ எந்த வேகத்தில் படிக்கிறாரோ அந்த வேகத்தில்தான் எழுத வேண்டுமாம். முப்பது தப்பு, முப்பத்தைந்து தப்பு. சிவப்பு மையால் தானே சுழித்து, மேலே தேதி போட்டு, அலமாரியில் வைப்பார். அந்தத் தாளெல்லாம் கரையானுக்குப் போய்விட்டது.

90-களின் கடைசியில் எங்கள் கேபிளில் டிவி5 என்ற பிரெஞ்சு சேனல் வந்த பிறகு இரண்டாவது நிகழ்ச்சியை நேராகவே பார்த்தார். நம் ஊருக்கு அது நடுராத்திரி தாண்டித்தான் வரும். எனக்குக் காலேஜ் முடிந்திருந்தது, ஆனாலும் பாயைப் போட்டுக்கொண்டு படுப்பேன். முடிவில் விருந்தாளியிடம் பத்து கேள்வி கேட்பார் பிவோ, உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், அமெரிக்காவில் ஒருவர் நடிகர்களிடம் கேட்பதற்கு அதையே எடுத்துக்கொண்டார். பிடித்த வார்த்தை எது, பிடிக்காத வார்த்தை எது, பிடித்த சத்தம் எது என்று போகும். தாத்தா டிவியைப் பார்த்து முந்திக்கொண்டு பதில் சொல்வார். பிடித்த சத்தம், தபால்காரர் சைக்கிள் மணி. பிடிக்காத சத்தம், எங்கள் அப்பா மூக்குப்பொடி போட்டுத் தும்முவது. கடைசிக் கேள்வி, கடவுள் இருக்கிறார் என்றால் நீங்கள் இறந்து போய் நிற்கும்போது அவர் உங்களிடம் என்ன சொல்ல வேண்டும்? பெரிய பெரிய ஆட்கள் யோசித்து யோசித்துச் சொல்வார்கள். பென்ஷன் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும், தாத்தா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "வாப்பா, இனிமே நீ உயிரோட இருக்கேன்னு சர்ட்டிபிகேட் குடுக்க வேணாம்." சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், இருமல் வரும், பாட்டி உள்ளேயிருந்து திட்டுவார்.

சித்தப்பா, ஸ்டிக்கரில் மாமா கையெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. 17-ஆம் நம்பர் கேசட்டில் 'துராஸ், செப்டம்பர் 84' என்று இருக்கிறது, அதை அடித்துவிட்டு அப்பா தமிழில் 'பெரியவள் மஞ்சள் நீராட்டு' என்று எழுதியிருக்கிறார். இதற்கு ஒரு கதை உண்டு. மேலே பதிவு பண்ணக்கூடாது என்று மாமா கேசட்டின் முதுகில் இருக்கிற காதை உடைத்துத்தான் அனுப்புவார். அக்கா விழாவுக்கு எடுத்த வீடியோவை ஏற்ற வெறும் கேசட் கிடைக்கவில்லை என்று அப்பா அந்த ஓட்டையில் செலோ டேப்பை ஒட்டிவிட்டுப் பதிவு செய்துவிட்டார். எழுத்தாளர் மார்கரித் துராஸ் சைகோன் பக்கத்தில் பிறந்தவராம். தாத்தா இருந்த ஊர். அந்த ஒரு கேசட்டைத்தான் அவர் நாலைந்து தடவை போட்டுப் பார்த்திருந்தார். பத்து நாள் மாப்பிள்ளையிடம் பேசவில்லை. "அந்தம்மா மீகோங் ஆத்தைப் பத்திப் பேசிச்சு, உன் புருஷன் அதுமேல பந்தக்காலை நட்டுட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அந்த 17-ஆம் நம்பர் பூக்கவில்லை. நேற்று கடலூர் போய் வீடியோ அண்ணனின் கடையிலேயே போட்டுப் பார்த்தோம்.


மஞ்சக்குப்பம்_வீடியோ:

நானே சொல்கிறேன், தங்கச்சி எழுதினால் அழுதுவிடும். முதல் பன்னிரண்டு நிமிஷம் கறுப்பு வெள்ளையில் அந்த அம்மா, பெரிய கண்ணாடி, கழுத்து வரை மூடிய சட்டை, எதிரில் பிவோ. அப்புறம் ஒரு வெட்டு, கோடு கோடாக ஓடுகிறது, சட்டென்று கலர். இங்கே பதிவு செய்தது இல்லையா, அது நம் பால். பச்சைப் பட்டுப்பாவாடை, வாழைமரம், தட்டு வரிசை, மைக் செட்டில் பாட்டு. நானும் அந்தக் காலத்தில் இப்படித்தான் எடுப்பேன், தட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவது.

பந்தல் ஓரத்தில் இரும்பு நாற்காலியில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, கையை மார்பில் கட்டிக்கொண்டு, கேமரா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் அசைகிற படம் வேறு எதிலும் இல்லையாம் இவர்களிடம். அந்த இடத்தை ஆறு தடவை ஓட்டச் சொன்னது தங்கச்சி. நாடா தேயும் என்று சொல்லி, முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அப்புறம் ஓட்டினேன்.

மீதியில் எட்டு கேசட் சுத்தம் செய்ய வேண்டும். பிரெஞ்சு டெக் ஒன்று மாமா வீட்டுப் பரணில் இருக்கிறதாம், யாராவது வரும்போது கொண்டு வரட்டும், அவசரம் இல்லை.


முத்தியால்பேட்டை_குசும்பன்:

முகத்தைத் திருப்பிக்கொண்டது மாப்பிள்ளை மேல் இருந்த கோபத்திலா, அப்போதே கேசட் போன விஷயம் தெரியுமா அவருக்கு?


வைசியாள்வீதி_பேத்தி:

விழா நடக்கும்போது தெரியாது அண்ணா, கேசட் போனது அதற்கு அப்புறம்தானே. கேமரா என்றால் அவருக்கு எப்போதுமே கூச்சம், அதுதான்.


சார்சேல்_சித்தப்பா:

துராஸ் வந்த அந்த நிகழ்ச்சி முழுசாக இருக்கிறது, நேற்று ராத்திரி தேடி எடுத்துப் பார்த்தேன். தனியாக அந்த அம்மா மட்டும்தான் விருந்தாளி. வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பதரைக்கு, எனக்கு இங்கே சாயங்காலம் ஆறு மணி, போன் போடுகிறேன். நீங்கள் அங்கே ஓட விடுங்கள், நான் இங்கே ஓட விடுகிறேன், காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வருகிறேன். உங்கள் தாத்தா அளவுக்குச் சேர்த்துச் சொல்ல எனக்கு வராது.


வைசியாள்வீதி_பேத்தி:

சேர்த்தே சொல்லுங்கள் சித்தப்பா. ஒன்பதரைக்கு, நான் பாய் போட்டுக்கொள்கிறேன்.